சூட்டில் மட்டும் கசிந்த பிக்அப்: டிரெய்லர் இழுக்கும்போது ஏற்பட்ட டிரான்ஸ்மிஷன் ஆயில் கசிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் டிரான்ஸ்மிஷன், அதாவது கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறேன். போன கோடையில் எங்களிடம் வந்த ஒரு பிக்அப்பைப் பற்றியது இந்தக் குறிப்பு. வண்டிக்காரர் பணி ஓய்வு பெற்றவர். கோடை வந்தால் மனைவியோடு டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய்த் தங்குவது அவர்கள் வழக்கம். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் வண்டியின் பெயரும் இங்கே தேவையில்லை.

வண்டி ஒன்பது வருடம் பழையது. வி8 எஞ்சின், நான்கு சக்கர ஓட்டம், 6 கியர் ஆட்டோமேட்டிக். சுமார் 1,50,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் இரண்டாம் கையாக வாங்கியது என்பதால் டிரான்ஸ்மிஷன் ஆயில் எப்போது மாற்றப்பட்டது, மாற்றப்பட்டதா என்றே அவருக்குத் தெரியாது. டிரெய்லர் 7 மீட்டர் நீளம், சாமான்களோடு 2,800 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வண்டியின் இழுக்கும் திறனுக்குள்தான் அது இருந்தது.

மலையில் நடந்தது

ஜூலை மாதம், காலை 11 மணிக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். சாக்ரமென்டோவில் வெயில் 39 டிகிரி. ஐ-80 நெடுஞ்சாலையில் டிரக்கி ஊருக்குப் போகும் வழி கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் தொடங்கி, டானர் உச்சியில் 2,200 மீட்டரைத் தொடுகிறது. அந்த 140 கிலோமீட்டரில் பெரும்பகுதி ஏற்றம்தான். கோல்ஃபாக்ஸ் தாண்டியதும் வண்டி இரண்டு கியர்களுக்கு நடுவே மாறி மாறித் தடுமாறியிருக்கிறது. வழக்கமாக 90 டிகிரிக்குக் கீழே நிற்கும் டிரான்ஸ்மிஷன் சூட்டு முள் 115-ஐ நெருங்கியிருக்கிறது. சுமை இழுக்கும்போது அழுத்த வேண்டிய டோ-ஹால் பட்டனை அவர் அழுத்தவில்லை. தட்டைச் சாலையில் அதில்லாமலே நன்றாக ஓடியதால் தேவைப்படும் என்று தோன்றவில்லையாம்.

முகாமுக்குப் போய் இறங்கியதும் கருகின வாசனை. டிரெய்லரின் வெள்ளை முன்சுவரில், கீழ்ப்பகுதியில், மெல்லிய சிவப்புத் தூறல் படிந்திருந்தது. இரவு வண்டிக்கடியில் மூன்று நான்கு சொட்டு. மறுநாள் விடியற்காலை எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்திருக்கிறார். டிரக்கியில் கோடையிலும் விடியற்காலை நல்ல குளிர் இருக்கும். அன்று 5 டிகிரி. சூடான ஆயில் நிற்க வேண்டிய ‘ஹாட்’ கோட்டுக்கு நன்றாகக் கீழே ஆயில் தெரிந்தது. கடைக்குப் போய் ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஆயில் வாங்கி முழுவதையும் ஊற்றிவிட்டார்.

திரும்பும் பயணத்தில் டானர் ஏரியிலிருந்து உச்சிக்கு ஏறும் செங்குத்தான பகுதியில் வண்டிக்கடியிலிருந்து புகை வந்தது. மனைவிதான் கண்ணாடியில் முதலில் பார்த்திருக்கிறார். உச்சியில் உள்ள ஓய்விடத்தில் நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாக இறங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த இடத்தில் அவர்கள் நிறுத்தியது மிகச் சரியான காரியம். டிரான்ஸ்மிஷன் ஆயில் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் தீப்பிடிக்கக்கூடியது. ஏற்றத்தில் சுமை இழுக்கும் வண்டியின் எக்ஸாஸ்ட் குழாய் அதைவிட அதிகமாகவே சூடாகும்.

முதல் கணிப்பு

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு ஒர்க்‌ஷாப்பில் மறுநாள் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதி நனைந்து, அங்கிருந்து சிவப்பு ஆயில் சொட்டியது. கியர்பாக்ஸின் முன்பக்கத்தில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் பம்ப்பின் முன் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், இறக்குகிற நேரத்தில் முழுவதையும் பிரித்துச் சீரமைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் கண்முன் இருந்ததை வைத்துப் பார்த்தால் அது மோசமான கணிப்பு இல்லை. பெல் ஹவுசிங்குக்கு அடியில் சிவப்பு ஆயில் சொட்டினால் எந்த மெக்கானிக்குக்கும் முதலில் தோன்றுவது முன் சீல்தான். ஆனால் வண்டி முழுக்க ஆறிய நிலையில், கழுவாமல், பத்து நிமிடம் பார்த்துச் சொன்னது அது. செலவைக் கேட்டுத் திகைத்துப்போய்த்தான் இன்னொரு கருத்துக்காக எங்களிடம் வந்தார்.

எங்களிடம் வந்தபோது

வண்டியைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். எந்த ஏற்றத்தில், எத்தனை டிகிரியில், எந்தப் பக்கம் புகை, நிறுத்தி எவ்வளவு நேரம் கழித்துச் சொட்டு என்றெல்லாம் கேட்டேன். குளிரில் ஆயில் ஊற்றிய விஷயம் கடைசியில்தான் வந்தது. முதல் ஒர்க்‌ஷாப்பில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? கசிகிற வண்டிக்கு ஆயில் ஊற்றுவது எல்லோரும் செய்கிற காரியம்தானே.

சரி, முதலில் அளவைப் பார்ப்போம் என்று வண்டியைச் சூடேற்றி, எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்தேன். ஆயில் ‘ஹாட்’ கோட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே நின்றது. அதில் சின்னச் சின்ன நுரைக் குமிழிகள். நிறம் பழுப்பேறிய சிவப்பு, லேசான கருகல் வாசனை. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ரேடியேட்டரில் கூலண்டோடு கலந்துவிட்டது என்று பயந்திருப்பேன், அப்படி இல்லை.

புகை வரும் அளவுக்குக் கசிந்த வண்டியில் ஆயில் கூடுதலாக இருக்கிறது! இந்த முரண்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் வழிகாட்டியது. இந்த வண்டியில் மொத்தம் 11 லிட்டர் அளவுக்கு ஆயில் இருக்கும். 5 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது அது அரை லிட்டருக்கு மேல் பெருகும். குளிரில் ‘ஹாட்’ கோட்டுக்குக் கீழே தெரிந்ததில் பெரும்பகுதி கசிவால் குறைந்தது இல்லை, ஆயில் சுருங்கியிருந்ததால் வந்த வித்தியாசம். உண்மையில் போயிருந்தது 200, 300 மில்லி இருக்கலாம் என்பது என் கணக்கு. அதற்கு ஈடாக ஒரு லிட்டர் சேர்ந்துவிட்டது. சூட்டில் அது மேலும் பெருகி, சுழலும் பாகங்களில் பட்டு, முட்டையை அடித்ததுபோல் நுரைத்து, கியர்பாக்ஸின் உச்சியில் இருக்கும் காற்றுத் துளை வழியாக வெளியே தள்ளப்பட்டிருக்க வேண்டும். அங்கிருந்து வழிந்தால் கியர்பாக்ஸின் பக்கவாட்டிலும் முன்புறத்திலும் இறங்கி, பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சேரும்.

லிஃப்டில் ஏற்றினோம். காற்றுத் துளையைச் சுற்றி நனைந்திருந்தது. எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்ட்டரின் போல்ட்களைக் கழற்றுவதற்காக உள்ள சின்ன மூடியைத் திறந்து, குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தோம். முன் சீல் போயிருந்தால் சுழலும் கன்வெர்ட்டர் ஆயிலை வட்டமாக வீசி உள்சுவர் முழுக்கத் தெளித்திருக்கும். உள்ளே காய்ந்த தூசிதான் இருந்தது. கியர்பாக்ஸை இறக்கும் பேச்சை அந்த நிமிடமே தள்ளி வைத்தோம்.

வேறு சிவப்பு ஆயில் எதுவாவது இருக்குமா என்றும் பார்த்தோம். பல வண்டிகளில் பவர் ஸ்டியரிங்கிலும் இதே ஆயில்தான் ஊற்றுவார்கள்; இந்த வண்டியில் ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்குவது. நான்கு சக்கர ஓட்டத்துக்கான டிரான்ஸ்ஃபர் கேஸில் அளவு சரியாக இருந்தது. வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்ததில் எஞ்சின் ஆயிலின் கறுப்பு எங்கும் இல்லை.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம். ஆயில் ஊற்றுவதற்கு முதல் நாளே டிரெய்லரில் சிவப்புத் தூறல் படிந்துவிட்டது. அப்போது அளவு கூடுதலாக இல்லை. அப்படியானால் காற்றுத் துளை வழிந்தது இரண்டாவது கசிவு. முதல் கசிவு வேறெங்கோ இருக்கிறது.

சூடு ஏறாமல் கசியாது

டிப்ஸ்டிக் குழாய் வழியாக அரை லிட்டருக்கு மேல் உறிஞ்சி எடுத்து அளவைச் சரி செய்தோம். டிரான்ஸ்மிஷன் ஆயிலைக் குளிர்விக்கும் முன்பக்கக் கூலரிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் வரை எல்லாவற்றையும் பிரேக் கிளீனர் அடித்துக் கழுவினோம். புற ஊதா விளக்கில் மஞ்சள் பச்சையாக ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்தோம். இணைப்புகளில் வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே அடித்தோம். துளி பட்டாலும் அதில் கோடு விழும்.

ஒர்க்‌ஷாப்பிலேயே 40 நிமிடம் ஓடவிட்டோம். எங்கும் ஈரமில்லை. டிரெய்லர் இல்லாமல் ஊருக்குள் 15 கிலோமீட்டர் ஓட்டினோம். சூடு 78 டிகிரி. எல்லாம் காய்ந்தே இருந்தது. ஒரு நாள் இப்படியே போனது.

இந்த இடத்தில் பலரும் ‘காற்றுத் துளை மட்டும்தான் காரணம், சரியாகிவிட்டது’ என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது. தடுத்தது அந்த முதல் நாள் தூறல்தான். இன்னொரு விஷயமும் இருந்தது. இந்த மாதிரி வண்டிகளில் கூலர் பாதையில் சூட்டுக்குத் திறக்கும் வால்வு ஒன்று உண்டு. ஆயில் குளிர்ந்திருக்கும்வரை அது முன்பக்கக் கூலருக்குப் போகவிடாமல் கியர்பாக்ஸுக்கே திருப்பி அனுப்பிவிடும். குறிப்பிட்ட சூட்டைத் தொட்ட பிறகுதான் வழி திறக்கும். அதாவது ஊருக்குள் ஓட்டினால் வால்வைத் தாண்டிக் கூலருக்குப் போய்வரும் குழாய்களில் ஆயில் ஓட்டமே கிட்டத்தட்ட இருக்காது. அந்தக் குழாய்களில் பழுது இருந்தால் லிஃப்டில் ஏற்றி மணிக்கணக்காகப் பார்த்தாலும் கண்ணில் படாது.

சூடேற்ற ஒரு குறுக்குவழி உண்டு: பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது. கன்வெர்ட்டர் உடனே கொதிக்கும். அதை நாங்கள் செய்வதில்லை. சில நொடிகளில் சூடு எல்லை மீறி கிளட்ச் தகடுகளைக் கெடுக்கும், கால் வழுக்கினால் வண்டி எதிரே நிற்பவர்மேல் பாயும். டிரெய்லரைக் கொண்டுவரச் சொன்னோம்.

டிரெய்லரோடு ஓட்டிய நாள்

வண்டிக்காரர் ஓட்டினார், நான் பக்கத்தில். ஸ்கேனரில் டிரான்ஸ்மிஷன் சூடு நேரடியாகத் தெரிந்தது. தீயணைப்பான் காலடியில். எங்கள் இன்னொரு வண்டி பின்னால் வந்தது. ஆபர்னிலிருந்து கோல்ஃபாக்ஸ் வரையுள்ள ஏற்றத்தைத் தேர்ந்தெடுத்தோம். 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 360 மீட்டர் போல உயரம் கூடும், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி நிறுத்திப் பார்க்க நடுவே வசதியான இடங்கள் உண்டு. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு இங்கே சட்டப்படி மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான் உச்ச வேகம், அதிலேயே போனோம். கசிவு நடந்த நாளின் நிலைமை வேண்டும் என்பதால் டோ-ஹால் பட்டனை அழுத்த வேண்டாம் என்று நானே சொன்னேன்.

85 டிகிரியில் நிறுத்திப் பார்த்தோம், ஒன்றுமில்லை. 97 டிகிரியில் அடுத்த நிறுத்தம். கீழே படுத்து விளக்கை அடித்ததும் தெரிந்துவிட்டது. எஞ்சினின் வலது முன்பக்கத்தில், கூலருக்குப் போகும் அலுமினியக் குழாயும் ரப்பர் ஹோஸும் ஒன்றாக நசுக்கி இணைக்கப்பட்ட உலோக வளையத்தின் விளிம்பில் பச்சை ஒளிர்வு. அதன் கீழ் ஒரு துளி தொங்கியது. அங்கிருந்து பின்னோக்கி, காற்று இழுத்துக்கொண்டு போன வழி முழுக்கப் புள்ளிப் புள்ளியாகச் சாயம்: ஆயில் பேன், பெல் ஹவுசிங்கின் விளிம்பு, எக்ஸாஸ்டின் வெப்பத் தடுப்புத் தகடு. காற்றுத் துளை மட்டும் சுத்தமாகக் காய்ந்திருந்தது.

ஓடும் வண்டியில் ஆயில் கீழேயும் பின்னேயும்தான் போகும். ஆகவே அதிகம் நனைந்த இடத்தை விட்டுவிட்டு, நனைந்த இடங்களில் எது மிக முன்னேயும் மிக மேலேயும் இருக்கிறது என்று தேட வேண்டும். இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்த வண்டியில் வழிதல் மேலேயிருந்தும் வந்தது, தூறல் முன்னேயிருந்தும் வந்தது. இரண்டும் பெல் ஹவுசிங்கின் அடியில் சந்தித்தன. கழுவி, அளவைச் சரி செய்து, ஒன்றை நிறுத்திய பிறகுதான் மற்றதைத் தனியாகப் பார்க்க முடிந்தது.

105 டிகிரி வரை போய் இன்னொருமுறை உறுதி செய்ய முதலில் திட்டம் வைத்திருந்தோம். துளி எக்ஸாஸ்டுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பார்த்ததும் அதைக் கைவிட்டு, ஆறவிட்டுத் திரும்பினோம்.

மாற்றியதும் விட்டதும்

கூலருக்குப் போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையும் மாற்றினோம். கசிந்தது ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒரே வயது, ஒரே சூடு தாங்கியவை. ரப்பரை வெட்டி வேறு ஹோஸ் போட்டு கிளாம்ப் இறுக்கினால் செலவு கால்வாசிதான் என்று வண்டிக்காரர் கேட்டார், நியாயமான கேள்வி. நடுவழியில் வீடு திரும்ப அது உதவும். வருடத்தில் பல முறை ஏற்றத்தில் சுமை இழுக்கிற வண்டியில், எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில், அதை நிரந்தரமாக விட எனக்கு மனம் வரவில்லை. அதைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். இணைப்புகளின் ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட்டோம்.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் பேனை இறக்கினோம். அதிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை. இவ்வளவு ஓடிய வண்டியில் அது இயல்பு. உலோகத் துகள்கள் இல்லை. கியர்பாக்ஸைப் பிரிக்கத் தேவையில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த மிக வலுவான சான்று அதுதான். ஃபில்டரும் கேஸ்கெட்டும் மாற்றி, தயாரிப்பாளர் சொன்ன வகை ஆயிலை ஊற்றி, 200 கிலோமீட்டர் ஓடியதும் பேனில் உள்ளதை மறுபடி வடித்துப் புதிது ஊற்றினோம். இயந்திரத்தால் அழுத்திக் கழுவும் முறையைத் தவிர்த்தேன். பழைய கியர்பாக்ஸில் படிந்த அழுக்கைக் கிளப்பி வால்வுகளுக்குள் தள்ளிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு.

கூடுதல் கூலர் போடலாமா என்று பேசினோம். முதலில் ஓட்டும் முறையை மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். கன்வெர்ட்டர் பூட்டப்படாமல் நழுவிக்கொண்டே ஓடும்போதுதான் ஆயில் அதிகம் கொதிக்கிறது. டோ-ஹால் பட்டன் கியரைக் கீழேயே பிடித்து வைத்து அந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கும். எடை மேடையில் நிறுத்திப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வீட்டிலேயே டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு போகிறார்கள், சுமார் 150 லிட்டர். 150 கிலோ தண்ணீரை 2,200 மீட்டர் உயரத்துக்கு இழுத்திருக்கிறார்கள். முகாமிலேயே குழாய் இருக்கிறது.

அதன் பிறகு

ஆகஸ்ட்டில் அதே வழியில் போனார்கள். அதிகாலை 5 மணிக்குப் புறப்பட்டு, தொட்டி காலியாக, பட்டனை அழுத்தி. உச்சியில் அதிகபட்சச் சூடு 101 டிகிரி. கசிவு இல்லை. ஆனால் முதல் ஏற்றத்தில் லேசான புகை வந்து, பயந்து ஓரமாக நிறுத்தி எனக்கு ஃபோன் செய்தார். அது எங்கள் தவறு. வெப்பத் தடுப்புத் தகட்டின் உள்பக்கத்தில் தங்கியிருந்த பழைய ஆயிலைக் கழுவாமல் விட்டிருந்தோம். வெளிப்பக்கம் பளபளவென்று இருந்ததால் உள்ளே பார்க்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை புகையைப் பார்த்துப் பயந்த இருவரை மறுபடி சாலையோரத்தில் நிற்க வைத்ததற்கு நேரில் மன்னிப்புக் கேட்டேன்.

செப்டம்பரில் மறு பரிசோதனை. குழாய்கள் காய்ந்திருந்தன. குறுக்குச் சட்டத்தின் இடுக்கில் ஒரு இடம் பச்சையாக ஒளிர்ந்தது; அரை நாள் தேடிய பிறகு அது பழைய சாயத்தின் மிச்சம் என்று தெரிந்தது. ஆயில் அளவு ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை.

அடுத்த முறை

சும்மா ஓடவிட்டும் காலி வண்டியை ஓட்டியும் கழித்த அந்த ஒரு நாளை நான் இனி செலவழிக்க மாட்டேன். ‘இழுக்கும்போது மட்டும்’ என்று ஒருவர் சொன்னால், கழுவிய மறு நிமிடமே டிரெய்லரைக் கேட்பேன். வேலை முடிந்து வண்டியைத் தரும் முன் தடுப்புத் தகடுகளைக் கழற்றி உள்ளே கழுவி, சாயத்தையும் முழுக்கத் துடைத்தெடுப்போம். வெளியே வழிந்த தடங்களைக் கழுவுவதற்கு முன் படம் எடுக்கவும் மறந்துவிட்டோம். காற்றுத் துளையிலிருந்து இறங்கிய கோடுகளை வண்டிக்காரருக்குக் காட்ட முடிந்திருந்தால் விளக்குவது இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

எங்கள் வேலைச் சீட்டில் இப்போது ஒரு வரி சேர்ந்திருக்கிறது: கசிவைப் பார்த்த பிறகு ஆயில் ஊற்றினீர்களா, எவ்வளவு, அப்போது வண்டி சூடாக இருந்ததா ஆறியிருந்ததா. வண்டிக்காரரும் தன் டிப்ஸ்டிக் கைப்பிடியில் ஒரு சின்னத் துண்டு டேப் ஒட்டி, ‘சூட்டில் மட்டும் பார்’ என்று எழுதி வைத்திருக்கிறார்.